மூன்றாம் ஓலைக்கு முன்

எய்யா, இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் எழுந்து போகச் சொல்லாதே. அப்பா ஏதோ வீட்டு விஷயம் எழுதியிருக்கிறார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பைக்குள்ளும் வைக்காதே. இன்றைக்கே, உட்கார்ந்த இடத்திலேயே, கடைசி வரி வரைக்கும் போய்விட வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். நாலு நாளாக மொபைலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய், நான் "சாப்பிட்டியாய்யா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நேற்று ஒரே நாளில் மூன்று தடவை அதைக் கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை நீ சிரித்துவிட்டு, "அப்பா, நான் இதே பூனால வானவடியிலதான் இருக்கேன், பாலைவனத்துல இல்ல" என்றாய். புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிற பிள்ளையிடம் எப்படி வாயைத் திறப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் ஓலை வாசித்தார்கள். பேருக்குத்தான் ஓலை, பாஸ்டர் ஐயா வாசிப்பது ஒரு பெரிய நோட்டிலிருந்து. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயித்திருக்கிறது, இது முதலாம் ஓலை, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே அறிவிக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு பார்வை பார்ப்பார். மூன்று ஞாயிறு இப்படி வாசிக்க வேண்டும் என்பது முறை. இத்தனை வருஷத்தில் ஒரு ஓலைக்காவது யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அது சும்மா ஒரு சடங்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அன்றைக்குப் பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளையின் அப்பா ஆயிற்றே. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தடை தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளை மறுநாள் இரண்டாம் ஓலை. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. அதோடு கேட்பது முடிந்துவிடும்.

அன்று மத்தியானமே எஸ்தர் வந்தாள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொன்னாள். அவள் அப்பா தங்கராஜ் பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை அவள் விரலால் ஒரு தடவை தடவினாள், நான் பார்த்தேன். அப்புறம் உன் அம்மா சாய் போட உள்ளே போன நேரம் பார்த்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். என் இடது காது கேட்காது என்று நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி அவளுக்குத் தெரியும். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? கோயிலுக்குள்ள என்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக அப்பா இல்ல. தூத்துக்குடி மாமாங்க வரமாட்டாங்க. நீங்க வாங்களேன். மாப்பிள்ளை அப்பா பொண்ணைக் கூட்டிட்டு வரலாமான்னு யாரும் பேசுனா பேசட்டும். அப்பாகூட கடைசி வரை நின்னவங்க நீங்கதானே?" என்றாள். நான் தலையை ஆட்டினேனா, என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவள் சரி என்று எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் தைரியம் எனக்கே நிச்சயமில்லை. தங்கராஜ் தொழிற்சாலை விதியை மீறினதால் செத்தான் என்று ஊரெல்லாம் நம்புகிறது. நீயும் நம்புகிறாய், அவன் பெண்டாட்டியும் மகளும் நம்புகிறார்கள். அது பொய். விதியை மீறினது நான். மீறச் சொன்னது நான். பன்னிரண்டு வருஷமாக அதை அவன் தலையில் வைத்துவிட்டு, அவன் வீட்டுக்குப் பெரிய மனுஷனாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். அதுவும் சும்மா வைக்கவில்லை. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தேன்.

நான் வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலை உனக்கு வெளி கேட்டு வரைக்கும்தான் தெரியும். உள்ளே எப்படி என்று நான் வீட்டில் பேசக்கூடாது, பேசவும் மாட்டேன். இப்போது கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்து வேலை நடக்கிற கட்டடத்துக்குள் நுழைகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பலகை இருக்கும். இந்தப் பக்கம் வெளியுலகம், அந்தப் பக்கம் மருந்து. செருப்பை இந்தப் பக்கமே கழற்றிப் போட்டுவிட்டு, பலகைமேல் உட்கார்ந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, ஆணி இல்லாத ஷூவைப் போட வேண்டும். தீப்பெட்டி, பீடி, சாவி, மோதிரம், சில்லறை ஒன்றும் உள்ளே போகக்கூடாது. ஒரு செம்புத் தகடு இருக்கும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதில் வெறும் கையை வைத்துவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தப் பலகைமேல் உட்கார்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எரிகிற முட்செடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றின மோசே ஞாபகத்துக்கு வந்தான். மலையைச் சுற்றி எல்லை போட்டு, மனுஷனோ மாடோ தாண்டினால் உயிர் தப்பாது என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஆரோனின் இரண்டு பிள்ளைகள் கர்த்தர் சொல்லாத நெருப்பைக் கொண்டுபோய் வைத்து, நின்ற இடத்திலேயே கரிந்துபோனது ஞாபகத்துக்கு வந்தது. மற்றவர்களுக்கு அது வேலை, எனக்கு அது கர்த்தருடைய சன்னிதி என்று நினைத்துக்கொண்டேன். வேதத்தில் இருக்கிற பரிசுத்தம் என்றால் என்னவென்று பூனாவில் என்னைவிட யாருக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு. உன்னையும் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளையும் உட்கார வைத்து அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பரிசுத்தம் என்றால் கோடு, கோட்டைத் தாண்டினால் சாவு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நீ எட்டாவது படித்த வருஷம், மழைக்காலம் தொடங்கின புதிது. சாமிப் பல்லக்கோடு பால்கி ஊர்வலம் பூனாவுக்குள் வருகிற நாள். எங்கள் செக்‌ஷனில் மராத்திக்காரர்கள் பாதிப் பேர் லீவு. ஊர்வலத்தில் நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் கால் பிடித்துவிடவும் போய்விடுவார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். என்னோடு மிஞ்சினது தங்கராஜும் காம்ப்ளேயும் மட்டும். கிடங்கிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு, குண்டை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் பெட்டிகள் போக வேண்டும். அந்தப் பெட்டிகளை இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடியைப் பிடித்து, இரண்டு பேர் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டியில் ஏற்றவே கூடாது. சுவரில் மூன்று பாஷையில் எழுதிப் போட்டிருக்கும். மேலே இருந்து ஒரு ஆபீசர் காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார், இன்னும் ஆகவில்லையா என்று. ஆகவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சூப்பர்வைசர் ஆகி அப்போது ஆறு மாசம்தான்.

நான் தங்கராஜிடம், "ஏல, அந்தத் தள்ளுவண்டியை எடு, நாலு நாலா ஏத்திக் கொண்டு போயிருவோம்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணாச்சி, இத வண்டில ஏத்தக்கூடாதுல்லா? மழை பெஞ்சு பாதை வேற பேந்து கெடக்கு" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நான், "எனக்குத் தெரியாததையா நீ சொல்லுத? நான் சொல்லுதேன்லா, ஏத்துல" என்றேன். அவன் ஏற்றினான். கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்கிறவன், என்னை மீறி ஒரு வார்த்தை பேசமாட்டான். முதல் நடை போய்வந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டாவது நடைக்கு நான் கிடங்கு வாசலில், வெடி தடுக்கப் போட்ட மண்மேட்டுக்கு இந்தப் பக்கம், ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் தள்ளிக்கொண்டு போனான். காம்ப்ளே அந்தக் கட்டடத்து வாசலில் பெட்டியை வாங்க நின்றான். சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மேலே இருந்த பெட்டி சரிந்தது. காம்ப்ளே, "சோட், சோட் தே!" என்று கத்தினது எனக்கு இரண்டு காதிலும் கேட்டது. விடு, விட்டுவிட்டு ஓடு என்று கத்துகிறான். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பெட்டி விழுந்தால் பிடிக்காதே, மேட்டுக்குப் பின்னால் ஓடிப் படு. தங்கராஜ் ஓடவில்லை. கையை நீட்டிப் பிடித்தான். அவன் கையிலேயே பெட்டி வெடித்தது. இடது காதில் நான் கேட்ட கடைசிச் சத்தம் அது.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எழுத மாட்டேன். எழுதக் கூடாது, யார் வாசிப்பார்கள் என்று தெரியும். ஒன்று மட்டும் சொல்லலாம், அவன் கஷ்டப்படவில்லை. அது நிஜம்.

விசாரணையில் மூன்று ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் காதில் கட்டு, சட்டையில் இன்னும் மண். காம்ப்ளே தான் பார்த்ததைச் சொன்னான், கையை நீட்டினான், பிடிக்காதே என்று கத்தினேன், கேட்கவில்லை என்றான். நல்லவன், ஒரு பொய் சொல்லவில்லை. அப்புறம் என்னைக் கேட்டார்கள், வண்டியில் யார் ஏற்றச் சொன்னது என்று. எய்யா, எனக்குப் பதில் யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது. "எனக்குத் தெரியாது சார், அவனே சீக்கிரம் முடிக்கணும்னு ஏத்திட்டான் போல" என்றேன். அந்த "போல"வை எதற்குச் சேர்த்தேன் தெரியுமா? முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று! அவ்வளவு பரிசுத்தம் எனக்கு. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால் அவன் பெண்டாட்டி சரோஜா அக்காவுக்குத் தொழிற்சாலையில் கிடைத்திருக்க வேண்டிய வேலை கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு பத்து வயசுப் பிள்ளையோடு ஏரவாடாவில் ஒற்றை அறைக்குப் போனாள். பள்ளிக்கூட ஆயா வேலைக்குப் போய்த்தான் எஸ்தரை அவ்வளவு தூரம் படிக்க வைத்தாள். சாமான் ஏற்றின டெம்போவுக்குப் பின்னால் நான் சைக்கிளில் போனேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று.

இதோடு நிறுத்தியிருந்தால் கோழை என்று மட்டும் சொல்லலாம். நினைவு ஆராதனை அன்றைக்குப் பாஸ்டர் ஊரில் இல்லை. சபை மூப்பர் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், கைக்கு அகப்பட்டது ஊசாவின் கதை. உனக்கும் தெரியும், நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியைப் புது வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு கொண்டு வருகிறான். மாடு இடறுகிறது, பெட்டி சரிகிறது, ஊசா கையை நீட்டிப் பிடிக்கிறான், அந்த இடத்திலேயே சாகிறான். நல்ல எண்ணத்தோடுதான் பிடித்தான், ஆனாலும் கர்த்தர் பரிசுத்தர், தொடாதே என்றால் தொடக் கூடாது, நல்ல எண்ணம் விதியை மாற்றாது என்று அரை மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன், எய்யா. சும்மா சொல்லக்கூடாது, ஜனங்கள் விக்கி விக்கி அழுதார்கள். சரோஜா அக்கா முதல் பெஞ்சில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். புருஷன் செத்தது போதாதென்று, ஆண்டவர் கையாலேயே அடிபட்டுச் செத்தவன் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை ஃபிராக், இரட்டைச் சடை. "மாமா, விழுந்தா பிடிக்கத்தானே செய்வாங்க?" என்று கேட்டாள். அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் குனிந்து, "ஆண்டவர் வழி நமக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் தன் அம்மாவிடம் போய்விட்டாள். அன்று நீயும் பக்கத்தில்தான் நின்றாய். ராத்திரி ஜெபத்துக்கு மண்டியிடச் சொன்னபோது, "பிடிச்சதுக்குக் கொல்லுற சாமி எனக்கு வேண்டாம்ப்பா" என்றாய். பளார் என்று அறைந்தேன். தேவதூஷணம் பேசினாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய்தான். பயத்தில் அடித்தேன். நீ இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன். அன்றிலிருந்து நீ கோயிலுக்கு வருவாய், பாடுவாய், ஆனால் ஜெபத்தில் கண்ணை மூட மாட்டாய். நான் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். உனக்கும் உன் தேவனுக்கும் நடுவில் ஒரு பொய்யைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், அதற்கு என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ரிட்டயர் ஆகிற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பையன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தது நான்தான். தங்கராஜ் கேஸ் என்று ஆரம்பிப்பேன். இடது காதைத் தொட்டுக் காட்டுவேன். பெட்டி விழுந்தால் கையை நீட்டாதே என்பேன். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். பாவி, வண்டியைப் பற்றிச் சொல்லியிருந்தால் அல்லவா அது பாதுகாப்பு வகுப்பு?

ஞாயிறு அன்று எஸ்தர் போனதும் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசாவின் கதையை எத்தனை தடவை வாசித்திருப்பேன், அவன் செத்த இடத்தில் மூடிவிடுவேன். மேலே போனதில்லை. அன்று போனேன். ஊசா செத்ததும் தாவீதுக்குக் கோபம் வருகிறது, அப்புறம் பயம் வருகிறது. பெட்டி எனக்கு வேண்டாம் என்று வழியில் ஒருத்தன் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். மூன்று மாசம் கழித்துத் திரும்பி வருகிறான். இந்தத் தடவை வண்டி இல்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் வளையங்கள் உண்டு, வளையத்தில் தண்டுகள் உண்டு, லேவியர்கள் அந்தத் தண்டைத் தோளில் வைத்துத்தான் சுமக்க வேண்டும் என்று மோசே காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. முன்னே அதைப் பிடித்துப்போய் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினது எதிரிகளான பெலிஸ்தர், அதைப் பார்த்துத்தான் இவர்களும் வண்டி கட்டினார்கள். தாவீது எல்லாரையும் கூப்பிட்டு அதை வெளிப்படையாகச் சொல்கிறான். முதல் தடவை முறைப்படி சுமக்கவில்லை, அதனால்தான் நமக்குள்ளே இந்த அடி விழுந்தது என்கிறான். செத்தவன் பேரை அந்த இடத்தில் அவன் எடுக்கவில்லை. நாம் என்கிறான், ராஜா தன்னையும் சேர்த்துக்கொள்கிறான். அவன் மூன்று மாசத்தில் சொன்னதை நான் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லவில்லை.

ஊசா ஏன் சாக வேண்டும், வண்டி கட்டச் சொன்ன தாவீது ஏன் பிழைக்க வேண்டும் என்று நீ கேட்பாய். தெரியவில்லை எய்யா. தெரிந்த மாதிரி பேசினது போதும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஏசாயா கர்த்தரைச் சிங்காசனத்தில் கண்டபோது வாசற்படி ஆடினது, வீடெல்லாம் புகை. அந்த நேரத்தில் அவன் என் உதடு அசுத்தம் என்றுதான் அலறினான். ஒரு தூதன் பலிபீடத்திலிருந்து நெருப்புத் தழலைக் குறட்டால் எடுத்து வந்து அவன் வாயைத்தான் தொட்டான். நான் ஆயுசு பூராவும் கையைப் பற்றியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். என் அசுத்தம் வாயில் இருந்தது. அந்தத் தழலுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் ஓடினேன், ஞாயிறு மத்தியானம் அது நம் வீட்டு சோபாவில் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள் என்று கேட்டது. இப்போது சொல்கிறேன், கர்த்தருக்குப் பயப்படு. ஆனால் நான் சொல்லிக்கொடுத்த மாதிரிப் பயப்படாதே.

உன் அம்மாவிடம் செவ்வாய்க்கிழமை சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு சட்டை தச்சிக் குடுன்னு சொன்னீயளே. என்ன நல்ல மனுசன்னு நெனச்சேன். நானும் கண்ணு முழிச்சுத் தச்சிக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நேற்று மட்டும் ஒரு வார்த்தை பேசினாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம், நானே அவன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வழியில் நீங்கள் மனசு மாறிவிடுவீர்கள் என்றாள். இன்று காலை சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து அவள் உன்னிடம் இதைக் கொடுத்திருப்பாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் அது உன்மேல் அல்ல, கோபித்துக்கொள்ளாதே.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இருப்பது ஒன்றுதான், அதையும் தங்கராஜ்தான் சொல்லித் தந்தான். பாரமான பெட்டியை இரண்டு பேராகத் தூக்குங்கள். நேரமில்லை, வெட்கமாக இருக்கிறது, அவள் தாங்கமாட்டாள் என்று எந்தச் சாக்கு வந்தாலும் சரி, வண்டியில் ஏற்றி ஒருத்தர் தலையில் தள்ளிவிடாதீர்கள். அதனால்தான் இதை நான் தமிழில் எழுதினேன். எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ் வரும். அதில் எழுதியிருந்தால் நீ தனியாக வாசித்திருப்பாய். வாசித்துவிட்டு என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்று பயந்து, மடித்து எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தாலி கட்டியிருப்பாய். அவள்மேல் உனக்கு அவ்வளவு பிரியம். என் பெட்டி உன் வீட்டுக்கு வந்திருக்கும். அது வேண்டாம் எய்யா. நீ தமிழ் வாசிக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும், எழுத்துக் கூட்டி முடிக்குமுன் லஞ்ச் டைம் முடிந்துவிடும். ஊருக்குப் போயிருந்தபோது நான் போட்ட கடிதங்களை எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிற மகர்பட்டா ஆபீஸ் கேன்டீனில் வைத்து உனக்கு யார் வாசித்துச் சொன்னது என்று அவளே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா வேதத்தை வைத்துக் கற்றுக்கொடுத்த தமிழ், கணீரென்று வாசிப்பாள்.

எஸ்தர், அம்மா, இத்தனை நேரமும் நீதானே வாசித்துக்கொண்டிருக்கிறாய்? உன் குரலிலேயே உனக்கு இதைச் சொல்ல வைத்துவிட்டேன். இது ஒளிந்துகொண்டு எறிகிற கல்லா என்று நாலு நாள் யோசித்தேன். இருக்கலாம். அதனால்தான் உன் அம்மாவிடம் காகிதம் எதையும் கொண்டுபோகவில்லை. நீ இதை வாசிக்கிற இந்த மத்தியானம் நான் ஏரவாடாவில் உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருப்பேன். உன் அம்மா உள்ளே விட்டால் உள்ளே, இல்லாவிட்டால் தெருவில் நின்று சொல்லுவேன். விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தொழிற்சாலை ஆபீசில் நேற்றே கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் இரண்டாம் ஓலை வாசிக்கிறபோது நான் எழுந்து நிற்பேன். கல்யாணத்தை நிறுத்த அல்ல, அன்று உன் அப்பாவைப் பற்றி அதே இடத்தில் நான் பேசினதைத் திரும்ப எடுத்துக்கொள்ள. கல்யாணம் வேண்டுமா, வேண்டாமா என்பதை நீ சொல்ல வேண்டும். என் மகன் ஒரு பாவமும் அறியாதவன். என் கையை மட்டும் நீ பிடிக்க வேண்டாம். கோயிலுக்குள் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போ. நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

பத்து வயசில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். விழுந்தா பிடிக்கத்தான் செய்வாங்கம்மா. உங்க அப்பா பிடிச்சார். வண்டியில ஏத்தச் சொன்னது நான்.